சர்க்கரை இறங்கிய மாதங்கள்

சுங்கை ரம்பாய்
4 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி கோமளாவுக்கு,

காலைச் சர்க்கரை 7.1. ஆகவே அண்ணன் நலம். உன் எண்ணை எழுது, நீ நலமா என்று நானே தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் போன் செய்தேன் அல்லவா? கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். உன் காது இனிமேல் போனுக்கு ஆகாது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மகள் ராகினி முதலில் படித்துவிட்டுத்தான் உனக்குச் சொல்கிறாள். தங்கா பத்து இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் கண் மங்கியதிலிருந்து நான் வண்டி எடுப்பதில்லை. எனவே கடிதம். நாலு நாள் ஆகும், ஆகட்டும்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டரைப் பார்த்தேன். கிட்னி பதினாறில் நிற்கிறதாம். இன்னும் இறங்கினால் டயாலிசிஸ்தான். அதற்குக் கையில் ஒரு ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தயாராக வைக்க வேண்டுமாம். அது தேற இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் மார்ச் 18-ஆம் தேதி வரச் சொன்னாள். சின்னப் பெண்தான், நம் தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், நீங்க எஸ்டேட் டிரெசரா இருந்தவரு. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?" என்று வேறு கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்து ஜனங்களுக்கு மருந்து கொடுத்தவன்தான் நான். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து போவார், மற்ற நாளெல்லாம் நான்தானே டாக்டர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவசரம் என்ன? போன வருஷம் பதினொன்றில் ஆடிய சர்க்கரை இப்போது ஏழு, கிட்டத்தட்ட டாக்டர்கள் கேட்கிற அளவு. இன்சுலினை இருபத்துநாலு யூனிட்டிலிருந்து பதினாறாகக் குறைத்தாயிற்று. இருபது வருஷச் சர்க்கரை அடங்குகிறது என்றால் கிட்னியும் அடங்கும்.

உன் அண்ணி போன பிறகு சமையல் என் கையில். ருசி இல்லை, உப்பும் இல்லை. மகன் யுவனேஸ்வரன் ஜொகூரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டுப் போகிறான்.

உன் எண்ணுக்குக் காத்திருக்கும்
அண்ணன் சாமிநாதன்

தங்கா பத்து
14 பிப்ரவரி 2024

அண்ணனுக்குக் கோமளா எழுதுவது,

காலைச் சர்க்கரை 9.8. சிரிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு ஆ சோ சீனப் புத்தாண்டுக்கு ஒரு கூடை ஆரஞ்சும் இரண்டு டப்பா அன்னாசிப் பலகாரமும் கொடுத்தாள். மனசு நோகுமே என்று சாப்பிட்டேன். அவள் மனசு.

உங்கள் ஏழு புள்ளி ஒன்றைப் படித்ததும் "அடி ராகினி, மாமாவுக்குச் சக்கரை இறங்கிடுச்சுடி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துவிட்டாள். கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி, உங்கள் பேரில் ஒரு தேங்காய் ஷேக் குடித்தேன். ஐஸ்கிரீம் போட்டதுதான். அதுவும் 9.8-க்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்படி அண்ணே? அப்பாவைக் கொண்டுபோனது இந்தச் சர்க்கரைதானே. உங்களையும் என்னையும் விடாது என்று நான் முடிவே கட்டியிருந்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. கிட்னி பதினாறு என்கிறீர்களே, எத்தனைக்குப் பதினாறு? நான் இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தியவள், பிள்ளைகளின் மார்க்கு மட்டும்தான் தெரியும். இருபதுக்குப் பதினாறு என்றால் பாஸ். நூற்றுக்கு என்றால் என்ன செய்வது?

ஆபரேஷன் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா.

மருந்தின் பெயரை எழுதும்வரை நச்சரிக்கப்போகும்
கோமளா

சுங்கை ரம்பாய்
28 பிப்ரவரி 2024

தங்கச்சி கோமளாவுக்கு,

காலைச் சர்க்கரை 6.2. இன்சுலின் பத்து யூனிட்.

நச்சரிக்காதே. வீட்டுக்குப் பின்னால் நிலவேம்பு முளைத்திருக்கிறது. மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்களே, அதுதான். காலையில் கொஞ்சம் அவித்துக் குடிக்கிறேன். வேறொன்றும் இல்லை.

மற்றபடி சொல்லிக்கொள்ள விசேஷமில்லை. பழைய சிலிப்பரில் கால் நுழையவில்லை, ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். பசி குறைவு. கறி வாசனை வந்தாலே குமட்டுகிறது. அது வெயிலால் இருக்கும், இங்கே அப்படி ஒரு வெயில்.

மார்ச் 18 வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன். பங்குனி உத்திரம் நெருங்குகிற நேரத்தில் கையைக் கிழித்துக்கொண்டு உட்கார முடியுமா? பிறகு பார்க்கலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆ சோவின் மனசைக் கொஞ்சம் நோகவிடு.

அண்ணன் சாமிநாதன்

தங்கா பத்து
8 மார்ச் 2024

அன்பு அண்ணனுக்கு,

இன்றைக்கு எண் எடுக்கவில்லை. ஊசி குத்திக் குத்தி விரல் மரத்துப்போயிற்று. நலமாகத்தான் இருக்கிறேன்.

நிலவேம்பு கிடைத்துவிட்டது! சந்தையில் ஒரு மலாய்க்கார மக்சிக் கட்டுக் கட்டாக வைத்திருந்தாள். காலையில் ஒரு கிளாஸ், மாலையில் ஒரு கிளாஸ். அப்பப்பா, என்ன கசப்பு! என் மாமியார்கூட இவ்வளவு கசந்ததில்லை. ராகினி என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இந்தக் காதாலும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது.

உங்களிடம் சொல்லாத ஒன்று. உங்கள் சர்க்கரை ஆறுக்கு இறங்கினால் பங்குனி உத்திரத்தன்று முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆறு புள்ளி இரண்டை ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம், முருகன் என்ன புள்ளிக்கணக்கா பார்க்கப்போகிறார். ஐம்பத்தெட்டு வயசில் பால்குடமா என்று ராகினி கேட்கிறாள். என் அண்ணன் பிழைத்ததற்கு நான் எடுக்காமல் யார் எடுப்பது?

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இருபதுக்கா, நூற்றுக்கா?

மஞ்சள் சேலை வாங்கிவிட்ட
கோமளா

சுங்கை ரம்பாய்
18 மார்ச் 2024

கோமளாவுக்கு,

காலைச் சர்க்கரை 4.9.

நூற்றுக்குத்தான். எல்லாருக்கும் நூற்றுக்குத்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யுவனேஸ்வரன் வந்தபோது எனக்குக் கொஞ்சம் மயக்கம். வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, அவன் பெயரே வாயில் வரவில்லையாம். குத்திப் பார்த்தான், 2.8. சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினான். சர்க்கரை வியாதிக்காரன் சீனி தின்று பிழைத்தேன். இன்சுலின் இப்போது நாலு யூனிட்.

பால்குடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வேண்டிக்கொண்டது உன் இஷ்டம். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்காதே. மாத்திரையையும் விடாதே.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணன்

தங்கா பத்து
22 ஏப்ரல் 2024

மாமாவுக்கு ராகினி எழுதுவது,

நலம் விசாரிக்க முடியவில்லை, மன்னிக்கவும். போனில் பேசினால் கோபத்தில் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று நண்பகல் வெயிலில், வெறுங்காலோடு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தார். உங்கள் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. "செருப்பு போட்டுக்கிட்டா அது வேண்டுதலாடி?" என்றார். வலது பாதம் வெந்து கொப்புளம் போட்டது அவருக்குத் தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி இருந்தால்தானே. வீட்டுக்கு வந்த பிறகு தரையில் ஈரத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். கிளினிக்கில் கட்டுப் போட்டும் ஆறவில்லை. போன வாரம் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போனோம். சர்க்கரை 24.

ஆறு வாரமாக மாத்திரை போடவில்லை மாமா. குப்பைத்தொட்டிக்குள் அப்படியே கொட்டியிருக்கிறார். "ஏம்மா?" என்றால், "அண்ணனே எல கசாயத்துலதான்டி கொறச்சாரு, அவருக்குத் தெரியாத மருந்தா?" என்கிறார். டாக்டர் சொன்னால் அம்மா ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார். நீங்கள் சொன்னால் கேட்காத காதும் கேட்கும்.

சுண்டு விரல் கறுத்துவிட்டது. எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்த இலையைக் குடித்துத்தான் உங்களுக்குக் குறைந்ததா?

ராகினி

சுங்கை ரம்பாய்
26 ஏப்ரல் 2024

கோமளா,

இந்தக் கடிதத்தை ராகினிக்கும் படித்துக் காட்டு. அவள் கேட்டதற்கும் இதுதான் பதில்.

நான் நிலவேம்பு குடிக்கவே இல்லை. பின்னால் முளைத்திருப்பது உண்மை. உன் நச்சரிப்பை நிறுத்த அந்த நேரத்தில் வாயில் வந்த பெயர் அது. ஒரு சொட்டு நான் குடித்ததில்லை.

சர்க்கரை இறங்கியதும் உண்மை. ஆனால் அது நல்ல செய்தி இல்லை. போட்டுக்கொள்ளும் இன்சுலினைக் கழித்து வெளியேற்றுவது கிட்னி. கிட்னி ஓய்ந்துபோனால் இன்சுலின் உடம்பிலேயே தங்கிவிடும், கொஞ்சம் போட்டாலே சர்க்கரை சரியும். சாப்பாடும் இறங்காதபோது கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் எண் இறங்கியபோது என் கிட்னியும் இறங்கிக்கொண்டிருந்தது.

இது எனக்கு முதலிலேயே தெரியும். எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் மருதமுத்து என்று ஒருவர் லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறவர், பெரிய சர்க்கரைக்காரர். ஒரு வருஷம் மாதாமாதம் அவருக்குச் சர்க்கரை இறங்கியது. நான் மருந்துக்கு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவர் தோளில் தட்டி, "மருதமுத்தண்ணனைப் பாருங்க, இவரு மாதிரி இருக்கணும்" என்றேன். அந்த மனுஷர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நாலே மாதம். மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் நீர் கோத்து, அவர் ஏற்றிய லோரியிலேயே அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டது இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்பாய். முதல் கடிதத்தில் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு நீ தேங்காய் ஷேக் குடித்தாய். அதற்குப் பிறகு உண்மையை எழுதக் கை வரவில்லை.

பயம் கோமளா. ஊருக்கெல்லாம் ஊசி போட்டவனுக்கு அந்த டயாலிசிஸ் ஊசியைக் கண்டால் குலை நடுங்குகிறது. நான் அனுப்பிவைத்தவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று பார்த்தவன் நான். வெறும் பயம்தான், வேறு காரணமே இல்லை. பங்குனி உத்திரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மாத்திரையைப் போடு. உன் காலுக்கு நான்தான் காரணம்.

சாமிநாதன்

தங்கா பத்து
15 மே 2024

அண்ணனுக்கு,

சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரல் தப்பியது. காலைச் சர்க்கரை 8.9, மாத்திரையோடு. நேற்று வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படித்தேன், ராகினிக்கும் படித்துக் காட்டினேன். இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கால் இல்லை. பேனாவை எடுத்தால் திட்டுத்தான் வந்தது.

விரலுக்காக நீங்கள் அழ வேண்டாம். மாத்திரையைக் கொட்டியது என் கை, வெயிலில் நடந்தது என் கால். நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை. என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. மூன்று மாதமாக நீங்கள் செத்துக்கொண்டிருப்பதை எண் போட்டு எழுதினீர்கள், நான் கை தட்டினேன். மஞ்சள் சேலை கட்டிப் பாலைத் தலையில் தூக்கினேன். நீங்கள் தோளில் தட்டினீர்களே ஒரு மருதமுத்து, அவரைத் தெரியாமல் தட்டினீர்கள். என்னை உங்கள் தோளில் தெரிந்தே தட்ட வைத்தீர்களே, அண்ணன் செய்கிற காரியமா இது?

பயம் என்றால் பயம் என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே! அம்மா போனபோது நான் பயந்து உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் தூங்கவில்லையா? நான் வெட்கப்பட்டேனா?

டயாலிசிஸுக்குத் தேதி வாங்குகிறவரைக்கும் எனக்குக் கடிதம் போடாதீர்கள். போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். எண் கிண் எதுவும் எனக்கு வேண்டாம்.

கோமளா

சுங்கை ரம்பாய்
5 ஜூன் 2024

கோமளாவுக்கு,

தேதி வாங்கிவிட்டேன். ஜூன் 24. ஆகவே நீ இதைப் பிரிக்கலாம்.

கிட்னி இப்போது ஒன்பது. நூற்றுக்கு. கையில் செய்ய வேண்டிய ஆபரேஷனுக்கு நேரம் தாண்டிவிட்டது, அது தேறும்வரை உடம்பு தாங்காதாம். அந்தச் சின்ன டாக்டர் பழைய சீட்டில் மார்ச் 18 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இனி இரண்டு வழி. ஒன்று, கழுத்தில் குழாய் போட்டு மெஷின். மற்றது, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே தண்ணீர்ப் பை ஏற்றி இறக்குவது, ஒரு நாளைக்கு நாலு தடவை. இரண்டாவதைச் சொன்னேன். கையைச் சுத்தமாகக் கழுவி, மாஸ்க் போட்டு, குழாய் முனையில் விரல் படாமல் மாட்ட வேண்டும். ஒரு தடவை தப்பினாலும் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். கை கழுவுவது என் தொழில். ஆனால் கண் மங்கல் என்பதால் தனியாகச் செய்ய விடமாட்டார்களாம். கூட ஒருவர் வந்து இரண்டு வாரம் பழகினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் மெஷின்தான்.

யுவனேஸ்வரன் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான். இப்போதுதான் வீட்டுக்கடன் எடுத்திருக்கிறான், வேண்டாம் என்றேன். உதவியாளர் பெயர் என்று பேப்பரில் ஒரு இடம் இருக்கிறது. காலியாக விட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேட்டாயே என்று எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

அண்ணன் சாமிநாதன்

தங்கா பத்து
11 ஜூன் 2024

அண்ணனுக்கு,

கால் ஆறிவிட்டது. கோணலாக நடக்கிறேன், நடக்கிறேன்.

அந்தக் காலி இடத்தில் என் பெயரை எழுதுங்கள். என் ஐ.சி. அடையாள அட்டையின் பிரதி உள்ளே வைத்திருக்கிறேன். நர்ஸ் சொல்வது எனக்குக் கேட்காது, எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் கண் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் வருவார்.

ராகினி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்த மாமாவாலதான் வெரலு போச்சு, இப்ப அவருக்கே ஆளா போறியா? கொஞ்சம் ரோஷம் வேணாமாம்மா?" என்கிறாள். நியாயம்தான். நானும் உங்களை மன்னித்துவிட்டு வரவில்லை. கோபத்தோடுதான் வருகிறேன், அதற்கும் ஒரு ரூம் தயார் செய்யுங்கள்.

கோமளா

சுங்கை ரம்பாய்
4 ஆகஸ்ட் 2024

அன்பு மருமகள் ராகினிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ பிரிப்பாயோ மாட்டாயோ தெரியாது. உன் அம்மாவின் தடித்த சாக்ஸ் நாலு ஜோடியும் நடு அலமாரியில் இருக்கும் இன்னொரு மூக்குக்கண்ணாடியும் வேண்டுமாம். யுவனேஸ்வரன் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வான்.

இனி எதையும் மறைப்பதில்லை என்பதால் எல்லா எண்ணையும் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குக் காலைச் சர்க்கரை 7.6. மாத்திரையை என் முன்னால் விழுங்குகிறாள். இரண்டு பாதத்தையும் தினமும் நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், என் கண் போதாது என்று போட்டோவும் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். வந்திருக்கும். காயம் இல்லை. எனக்குச் சர்க்கரை 11.3. ஏறியிருக்கிறது. பைத் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது, அது உடம்புக்குள் போகிறது. இன்சுலின் மறுபடியும் பதினெட்டு யூனிட். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மீன் குழம்பு வாசனைக்குக் குமட்டவில்லை.

முதல் வாரம் பயிற்சியில் உன் அம்மா நர்ஸையே மிரட்டிவிட்டாள். வீட்டிலும் அப்படித்தான். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, நான் கை கழுவும்போது நகக்கண்ணில் சோப்பு படவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்புகிறாள். முப்பத்திரண்டு வருஷம் டிரெசராக இருந்தவனை.

அவள் விரல் போனதற்கு நான் காரணம். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை. அவளும் மன்னிக்கவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னால்கூட, "பொய் சொன்ன வாய்க்கு இது போதும்" என்கிறாள். போகட்டும். ஆனால் ஒன்று, உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு பைக்கு முன்னாலும் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்பாள்: "பயமா இருக்காண்ணே?"

"இருக்கு" என்று அவள் காதுக்கு எட்டும்படி சத்தமாகச் சொல்கிறேன். பிறகு இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டு உட்காருகிறோம்.

மாமா சாமிநாதன்